நூற்பாலையில் காற்றுக்குக் கொட்டும் கரண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்பாலையின் கரண்ட் பில்லில் பெரும்பங்கு நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் ஃப்ரேம்களுக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து யாரும் அதிகம் பேசாத செலவு காற்று. கூடத்துக்குள் ஈரக்காற்றை அனுப்பும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் மட்டுமே மொத்த மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்து சீவும் புளோ ரூம், கார்டிங், கோம்பர் பக்கம் கழிவுப் பஞ்சை உறிஞ்சும் ஃபேன்களும், ஒவ்வொரு ரிங் ஃப்ரேமிலும் அறுந்த இழையை உறிஞ்சும் நியூமாஃபில் மோட்டாரும் இதற்கு மேல். இதில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்க முடியும். ஆனால் கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களில் பல மில்கள் அதைத் தவறான இடத்தில் பிடிக்கப் பார்க்கின்றன.

முதல் தவறு, பிளான்ட்டையே நிறுத்துவது. "ராத்திரிதானே, ஒரு ஃபேனை ஆஃப் பண்ணு" என்பார்கள். பருத்திக்கு ஈரம் வேண்டும். அது காய்ந்தால் இழை உதறும், நிலைமின்சாரம் ஏறும், ரோலரில் பஞ்சு சுற்றும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த ஒவ்வொரு முனையிலிருந்தும் நல்ல பஞ்சு நியூமாஃபிலுக்குள் போய்க் கழிவாகிறது. ஃபேனில் மிச்சமானது உற்பத்தியிலும் கழிவிலும் போய்விடும். நிறுத்தாமல், எவ்வளவு காற்று தேவையோ அவ்வளவு மட்டும் ஓட்டுவதில்தான் மிச்சம் இருக்கிறது.

சரி, எவ்வளவு தேவை? இந்தக் கணக்கைப் போடாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

மெஷின் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகக் கூடத்துக்குள்தான் இறங்குகிறது. அந்த வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதுதான் காற்றின் வேலை. நம் மில்களில் பெரும்பாலும் சில்லர் (தண்ணீரைக் குளிரூட்டும் இயந்திரம்) கிடையாது. ஏர் வாஷர் என்ற அறையில் தண்ணீரைத் தெளித்துக் காற்றைக் குளிர்விக்கிறோம். ஏறக்குறைய முழு ஈரத்தோடு கூடத்துக்குள் வரும் அந்தக் காற்று சூடாகச் சூடாக, அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) இறங்கும். ரிங் ஃப்ரேம் பகுதியில் 57 சதவீதம் போதும் என்றால், காற்று உள்ளே வந்தபின் ஒன்பதரை டிகிரி வரை சூடாகலாம். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று 65-இல் வைத்தால், ஏழரை டிகிரி ஏறுவதற்குள் அதை வெளியே எடுத்தாக வேண்டும். அதே வெப்பத்தை அகற்ற ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் காற்று தேவைப்படும்.

காற்றின் அளவு ஃபேன் வேகத்தோடு நேராக ஏறும். மின்சாரமோ வேகத்தின் கனமாக (மூன்றாம் படியாக) ஏறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதிதான். அதே கணக்கில், 30 சதவீதம் கூடுதல் காற்றுக்கு மின்சாரம் இரண்டு மடங்குக்கும் மேல். காரணமில்லாமல் வைத்த எட்டுப் புள்ளி ஈரப்பதத்துக்கு இதுதான் விலை. இன்னொரு பக்கமும் உண்டு: ஈரப்பதத்தைக் குறைத்து ஓட்டினால் கூடத்தின் வெப்பநிலை இரண்டு டிகிரி வரை ஏறும். எட்டு மணி நேரம் அங்கே நிற்பவர்களையும் நினைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். பொதுவாக கார்டிங்குக்கு 50–55, ரிங் ஃப்ரேமுக்கு 55–60, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனருக்கு 60–65 என்று வைப்பார்கள். பஞ்சையும் கவுண்ட்டையும் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) பார்த்து அந்த எல்லைக்குள் கீழ்ப்பக்கமாகத் தொடங்கி, அறுதல் கூடுகிறதா என்று கவனித்தபடி நகர்த்துவது நல்லது.

அளவை முடிவு செய்தாலும் அளக்கும் கருவி பொய் சொன்னால் பயனில்லை. ஈரக்குமிழ் வெப்பமானியின் (குமிழில் நனைந்த திரி சுற்றிய வெப்பமானி) திரி காய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால், ஈரப்பதம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். கூடத்துக்குள் காற்று வரும் டிஃப்யூசருக்கு நேர் கீழே தொங்கும் சென்சாரும் அப்படித்தான். சென்சார் மேல் விரல் கனத்துக்குப் பஞ்சு படிந்திருப்பதைப் பல மில்களில் பார்க்கலாம். மாதம் ஒருமுறையாவது கையால் சுழற்றும் சைக்ரோமீட்டரோடு (உலர்குமிழ், ஈரக்குமிழ் இரண்டும் சேர்ந்த ஈரப்பதமானி) ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது வெளிக்காற்று. ஏப்ரல், மே வந்தால் "வெளியே அனல், டேம்பரை மூடு" (டேம்பர் என்பது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) என்பது ஏறக்குறைய எல்லா மில்லிலும் கேட்கும் உத்தரவு. வெளியே 37 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈரக்குமிழ் வெப்பநிலை (தண்ணீர் தெளித்தால் அந்தக் காற்று இறங்கக்கூடிய கீழ் எல்லை) சுமார் 24. கூடத்திலிருந்து திரும்பி வரும் காற்று 34 டிகிரி, 55 சதவீதம் என்றால் அதன் ஈரக்குமிழ் சுமார் 26.4. தண்ணீர் தெளிக்கும் பிளான்ட்டில் காற்று இறங்குவது ஈரக்குமிழை நோக்கித்தான். ஆக, தொட்டால் சுடும் அந்த வெளிக்காற்றுதான் உள்ளே குளிர்ச்சியாக வரும். டேம்பரை மூட வேண்டுமா திறக்க வேண்டுமா என்பதை இரண்டு பக்கத்து ஈரக்குமிழையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவான விஎஃப்டி விஷயத்தில் நடப்பது வருத்தமாக இருக்கிறது. லட்சங்கள் கொடுத்து மாட்டிவிட்டு, வருடம் முழுக்க 50 ஹெர்ட்ஸிலேயே ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை, டிரைவ் தன் பங்குக்குச் சில சதவீதத்தை வெப்பமாக விடும். வேறு சில இடங்களில் டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும், பழைய டேம்பரும் பாதி மூடியபடியே இருக்கும். டிரைவ் வந்த பிறகு அந்த டேம்பரை முழுக்கத் திறந்துவிட்டு, வேகத்தை வைத்துக் காற்றைக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஃபில்டரை "கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்தால் போதும்" என்பதும் பணத்தை விடும் வழி. நொடிக்கு 10 கன மீட்டர் தள்ளும் ஃபேன் ஒன்று. அடைத்த வி-ஃபில்டரும் காற்றிலுள்ள நீர்த்துளிகளைப் பிடிக்கும், உப்புப் படிந்த எலிமினேட்டரும் சேர்ந்து 25 மில்லிமீட்டர் நீர்மட்டம் அளவுக்குக் கூடுதல் தடை தருகின்றன. காற்றளவை விடாமல் பிடிக்க வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஃபேன் திறன் 60 சதவீதம் என்றால், அந்தத் தடைக்கு மட்டும் 4 கிலோவாட் போகிறது. ஆண்டுக்கு 8,400 மணி நேரம் ஓடினால் சுமார் 34,000 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் 2.7 லட்சம். ஃபில்டருக்கு இருபுறமும் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் ஒரு யூ வடிவக் குழாய் மானோமீட்டர் மாட்ட ஆகும் செலவோ மிகக் குறைவு. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தொட்டித் தண்ணீரை முறையாக மாற்றாவிட்டால் நாசில்களும் எலிமினேட்டரும் சீக்கிரமே இறுகிவிடும்.

இனி கழிவு உறிஞ்சும் அமைப்பு. அங்கே வழக்கமாக நடப்பது இது: கடைசி கார்டில் உறிஞ்சல் போதவில்லை என்று புகார் வரும், உடனே ஃபேன் புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுவார்கள். கடைசி கார்டுக்காக எல்லா கார்டிலும் தேவைக்கு மேல் இழுக்க ஆரம்பிக்கும். முதலில் ஒவ்வொரு மெஷினின் வாயிலிலும் நிலை அழுத்தத்தை அளந்து, மெஷின் கையேட்டில் கேட்டிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். அளந்தால் காரணம் அநேகமாக வழியிலேயே தெரிந்துவிடும்: கிழிந்த ஃப்ளெக்ஸிபிள் குழாய், கேஸ்கட் இல்லாத ஆய்வுக் கதவு, இடம் மாற்றிய மெஷினுக்குப் பின்னால் அடைக்காமல் விட்ட குழாய் வாய். அந்த வாய் இரவு பகலாகக் கூடத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

குழாயின் விட்டத்தையும் கவனிக்க வேண்டும். 250 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கையில் இருக்கிறதே என்று 200 போட்டால், அதே காற்றுக்கு உராய்வுத் தடை ஏறக்குறைய மூன்று மடங்கு. வெட்டி ஒட்டிய கூர்மையான வளைவும் அதே மாதிரி தின்னும். அதற்காக அளவுக்கு மீறிப் பெரிதாகவும் போகக் கூடாது. காற்று வேகம் குறைந்தால் கழிவு குழாயிலேயே தங்கி அடைக்கும்.

இப்படி உறிஞ்சிய காற்றை வடிகட்டியபின் அப்படியே வெளியே விடுவதும் தவறு. அது பிளான்ட் ஈரமேற்றிக் கொடுத்த காற்று. மழைக்காலத்திலும் இரவிலும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் பம்ப்பின் வேலை குறையும். கோடைப் பகலில் என்ன செய்வது என்பதை முன்பு சொன்ன ஈரக்குமிழ்க் கணக்கு சொல்லிவிடும்.

நியூமாஃபிலில் கவனம் வேண்டும். அறுந்த இழையை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு உறிஞ்சல் இருந்தால் போதும். டாஃப் (நிரம்பிய நூல்கண்டுகளை எடுத்துவிட்டுக் காலியானவற்றை மாட்டுவது) முடிந்து ஓட்டம் தொடங்கும்போதுதான் அறுதல் அதிகம். அந்த நேரத்துக்கு முழு வேகமும், பிறகு குறைந்த வேகமும் கொடுக்கும்படி டிரைவை அமைக்கலாம். குறைத்த பின் ஃபேனுக்கு எதிர்முனையில் உள்ள கடைசி ஸ்பிண்டில்களில் உறிஞ்சலை அளந்து பாருங்கள். உறிஞ்சிய கழிவு சேரும் பெட்டியில் பஞ்சு நிரம்பி, சுத்தம் செய்வதற்குச் சற்று முன்பு இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். காலியான பெட்டியில் நல்ல எண் கிடைக்கும். ஷிஃப்ட்டின் நடுவே அதே ஃப்ரேமில் ரோலர் சுற்றல் தொடங்கிவிடும்.