கார் ஸ்டீரியோவில் ரேடியோவை இணைக்கும்போது பெங்களூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வேர்ல்ட்ஸ்பேஸ் ரிசீவர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அந்தச் சாட்டிலைட் ரேடியோ சேவை இந்தியாவில் 2009 டிசம்பர் 31-ஓடு நின்றுவிட்டது. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சிரியஸ்எக்ஸ்எம் பெட்டியும் இங்கே பேசாது. அந்தச் சேவை வட அமெரிக்காவுக்கானது. பெங்களூரில் தமிழ் வானொலி கேட்க இன்று போன்தான் எளிய வழி. ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியைத் திறந்தால் சென்னை நிலையம் கிடைக்கும். அதைப் பழைய கார் ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான் பலரும் சத்தத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு, ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை (போனை வயரில் இணைக்கும் துளை) இருக்கும்போதே எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் (போனின் ஒலியை எஃப்எம் அலையாக ஸ்டீரியோவுக்கு அனுப்பும் கருவி) வாங்குவது. பெங்களூரின் எஃப்எம் அலைவரிசை நெருக்கமானது: 91.1, 98.3, 101.3, 102.9, 104 என்று வரிசையாக நிலையங்கள். சக்தி குறைந்த அந்தச் சின்னக் கருவியை நிலையம் உள்ள எண்ணிலோ அதை ஒட்டியோ வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். வேறு வழியே இல்லையென்றால், முதலில் ஸ்டீரியோவில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் எண்ணைத் தேடி, டிரான்ஸ்மிட்டரை அதில் வையுங்கள். வீட்டு வாசலில் காலியாக இருந்த எண் ஓசூர் தாண்டியதும் காலியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆக்ஸ் வயரிலும் ஒரு தொல்லை உண்டு. போனைக் கார் சார்ஜரில் போட்டபடி பாட்டு கேட்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஙீ’ என்ற ஒலி ஏறும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று ஜே.சி. ரோட்டுக் கார் கடைகளுக்கு ஓடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஒலி நின்றால் காரணம் கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜர் வயரும் ஆக்ஸ் வயரும் சேர்ந்து உண்டாக்கும் மின்சுற்று. ஆக்ஸ் வயரின் நடுவே அதைத் துண்டிக்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் போதும்.

போனில் சத்தத்தைக் குறைத்து, ஸ்டீரியோவில் முழுக்க ஏற்றுவதும் தப்பு. போனில் முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு மீதியை ஸ்டீரியோவில் கூட்டுங்கள்.

புது ஸ்டீரியோ மாட்டும்போது சிவப்பு, மஞ்சள் வயர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் நேராகக் கொடுக்கும் மெக்கானிக்கை அனுமதிக்காதீர்கள். பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் எப்போதும் மின்சாரம் வர வேண்டியது, சிவப்பு சாவி போட்டால் மட்டும். சேர்த்துவிட்டால் சாவியை எடுத்த பின்னும் ஸ்டீரியோ அணையாமல் பேட்டரியை உறிஞ்சும். பியூஸைத் தவிர்த்து வயரை இழுப்பது இன்னும் மோசம். எங்காவது உரசினால் தீப்பிடிக்கலாம்.