இங்கிலாந்து நரிவேட்டையைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவப்புக் கோட்டு, உயரமான குதிரை, கொம்பு ஊதும் சத்தம், பின்னால் ஒரு பெரிய மாளிகை. நாய்க்கூட்டம் நரியை மோப்பம் பிடித்துத் துரத்த, ஆட்கள் குதிரையில் பின்தொடர்வதுதான் இங்கிலாந்து நரிவேட்டை. அதைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இந்த ஒரு காட்சியோடு முடிந்துவிடுகின்றன. காட்சி பொய்யில்லை. ஆனால் ஒரு வேட்டைக் குழு நூறு, இருநூறு ஆண்டுகள் ஒரே வட்டாரத்தில் நிலைத்தது எப்படி என்று அது சொல்லாது. அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

முதலில் காலத்தைப் பற்றிய தவறு. இதை ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வந்த வழக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். பிரபுக்கள் நெடுங்காலம் மதித்தது மான் வேட்டையை. நரி அவர்களுக்கு வெறும் கோழித் திருடன். மான்களும் காடுகளும் குறையக் குறையத்தான் அவர்கள் பார்வை நரி பக்கம் திரும்பியது. இன்று நாம் அறிந்த வடிவம் 18ஆம் நூற்றாண்டினுடையது. லெஸ்டர்ஷயரில் 1753 முதல் க்வார்ன் வேட்டைக் குழுவை நடத்திய ஹியூகோ மெய்னெல் மோப்பத்தோடு வேகமும் சேர்ந்த நாய்களை வளர்த்தெடுத்தார். அதற்கு முன் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். இரவெல்லாம் தின்று வயிறு கனத்த நரியை மெதுவான நாய்கள் மோப்பம் பிடித்துத் தொடரும். வேகமான நாய்கள் வந்தபின், நிதானமாகக் காலை உணவை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றாயிற்று. நீண்ட குதிரைப் பாய்ச்சலும் அதற்கான கூட்டமும் அப்புறம் வந்தவை.

அடுத்தது, 'பயிரையும் கோழியையும் காக்கத்தான் வேட்டை' என்ற விளக்கத்தை அப்படியே ஏற்பது. லெஸ்டர்ஷயர் போன்ற இடங்களில் நரி தங்குவதற்கென்றே முட்புதர்த் தோப்புகளை வளர்த்தார்கள். அங்கே நரியைத் துப்பாக்கியால் சுடுவது பெரிய அவமானம். நரி போதாத இடங்களுக்காக, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த நரிகள் லண்டன் லெடன்ஹால் சந்தையில் உயிரோடு விற்கப்பட்டன. ஆனால் வடக்கே கம்பிரியா மலைகளில் கதையே வேறு. செங்குத்துச் சரிவில் குதிரை பயன்படாது, எல்லோரும் நடைதான். ஆட்டுக்குட்டி ஈனும் பருவத்தில் குட்டிகளை நரி கொண்டுபோனால், ஆடு வளர்ப்பவர்களே நாய்களை வரச்சொல்லி ஆளனுப்புவார்கள். அந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற ஜான் பீல் (இறப்பு 1854) ஒரு விவசாயி. அவர் அணிந்தது உள்ளூர்க் கம்பளியில் நெய்த சாம்பல் நிறக் கோட்டு. ஆகவே எந்தக் குழு, எந்த வட்டாரம் என்று சொல்லாமல் பொதுவாக எழுதக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, குதிரையில் இருப்பவர்களை மட்டும் எண்ணுவது. செலவையும் நிர்வாகத்தையும் சுமப்பவர் மாஸ்டர். நாய்களை உண்மையில் நடத்துபவர் ஹன்ட்ஸ்மேன்; பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்தவர், ஒவ்வொரு நாயையும் பெயர் சொல்லி அழைப்பவர். இவர்களுக்கும் முன்பே வேலையைத் தொடங்கிய ஒருவர் உண்டு. நரி இரை தேடி வெளியே போயிருக்கும் நள்ளிரவில் லாந்தரும் மண்வெட்டியுமாகப் போய் அதன் வளைகளை அடைத்துவிட்டு வருவார். திரும்பி வரும் நரிக்கு ஒளிய இடமிருக்காது. மறுநாள் ஓட்டமே அவர் செய்த வேலையில்தான் நின்றது. ஓவியங்களில் அவரை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

நாய்க்குட்டிகளும் அப்படித்தான். சில வாரக் குட்டிகளைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கோழி, ஆடு, குழந்தைகள் நடுவே வளர்ந்து, எதைத் துரத்தக் கூடாது என்று கற்றுக்கொண்ட பிறகு அவை குழுவின் நாய்க் கொட்டடிக்குத் திரும்பும். கோடையில் அந்தக் குட்டிகளை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுப்பார்கள். வளர்த்த வீட்டுக்கு வெள்ளிக் கரண்டி கிடைக்கும். பண்ணையில் செத்த மாடு, ஆடுகளைக் கொட்டடி ஆட்களே வந்து எடுத்துப்போவார்கள். அது நாய்களுக்குத் தீனி, விவசாயிக்குத் தலைவலி தீர்ந்தது. நரி தின்ற கோழிக்கும் உடைந்த வேலிக்கும் குழு இழப்பீடு கொடுத்தது. நிலம் விவசாயியினுடையது, அவர் சம்மதம் போனால் வேட்டையும் போயிற்று.

இப்படி மனிதர்களின் பக்கத்தை எழுதும்போது நரியின் பக்கத்தை மறைப்பதும் தவறுதான். 2000இல் அரசு நியமித்த பர்ன்ஸ் விசாரணைக் குழு, இந்த வேட்டை நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று எழுதியது. அதே அறிக்கைதான் 6,000 முதல் 8,000 முழுநேர வேலைகள் வேட்டையை நம்பியிருப்பதாகவும் கணக்கிட்டது. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையில்லை.

சட்டத்தில் தேதிகள் குழம்புகின்றன. நாய்களை விட்டு நரியை வேட்டையாடுவதற்கு ஸ்காட்லாந்து 2002இலேயே தடை விதித்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2004 சட்டம். நடைமுறைக்கு வந்தது 2005 பிப்ரவரி 18. வட அயர்லாந்துக்கு இது பொருந்தாது. தடைக்குப் பிறகும் குழுக்கள் கலையவில்லை. முன்கூட்டியே இழுத்துவைத்த வாசனைத் தடத்தை நாய்கள் தொடரும் 'டிரெயில்' முறைக்கு மாறின. அந்தப் போர்வையில் நரியே துரத்தப்படுகிறது என்ற குற்றச்சாட்டு தொடர்கிறது. ஸ்காட்லாந்து 2023இல் டிரெயில் முறைக்கும் தடை விதித்தது.

கடைசியாக, ஆங்கிலேயர் காலத்து ஊட்டி வேட்டை. நீலகிரியின் வெலிங்டன் ராணுவ முகாம், வென்லாக் டவுன்ஸ் புல்வெளி ஆகியவற்றில் எடுத்த வேட்டைப் படங்களைப் பார்த்து அதையும் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே துரத்தப்பட்டது நம்மூர்க் குள்ளநரி. இங்கிலாந்தின் செந்நரி நீலகிரியில் இல்லை. ஊட்டி வேட்டை காலனி அதிகாரிகளும் ராணுவத்தினரும் கொண்டுவந்த பொழுதுபோக்கு. குட்டி வளர்த்துக் கரண்டி வாங்கும் பண்ணை வீடுகள் அதற்குப் பின்னால் இல்லை. அதன் வரலாற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.