தொடக்ககால அமெரிக்க இலக்கியம்: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்த 1776-க்கு முந்தைய எழுத்தில் 'அமெரிக்க தேச உணர்வை'த் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. 1630-இல் 'மலைமேல் இருக்கும் பட்டணம்' என்று பேசிய மாசசூசெட்ஸ் குடியேற்றத் தலைவர் ஜான் வின்த்ராப் இங்கிலாந்து மன்னரின் குடி. அவர் கனவு கண்டது இறைவனுக்கு அஞ்சி வாழும் ஒரு சமூகத்தை, தனி நாட்டை அல்ல. அந்த உரை 1838-இல்தான் அச்சேறியது. தேசம் பிறந்த பிறகு வந்தவர்களே அதைத் தேடியெடுத்துத் தங்கள் தொடக்கமாக ஆக்கிக்கொண்டார்கள். தேச அடையாளம் எப்படி உருவாகிறது என்று அறிய, உரையோடு இந்தக் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்தது, தொகுப்புநூலில் உள்ள பகுதியோடு நிறுத்திவிடுவது. 'அமெரிக்கர் என்பவர் யார்?' என்று கேட்கும், எழுத்தாளர் கிரெவ்கரின் 'ஓர் அமெரிக்க விவசாயியின் கடிதங்கள்' நூலின் (1782) மூன்றாம் கடிதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பல நாட்டவர் கலந்து புதிய இனம் ஆவதாக அது சொல்கிறது. ஆனால் அவர் சொல்லும் கலப்பு ஐரோப்பியர்களுக்குள்தான். சரி, மற்றவர்கள் எங்கே? ஒன்பதாம் கடிதத்தில் இருக்கிறார்கள். சார்லஸ்டன் பக்கம் காட்டில் ஒரு கூண்டு மரத்தில் தொங்குகிறது. உள்ளே சாகவிடப்பட்ட கறுப்பின அடிமை. பறவைகள் கண்களைக் கொத்திவிட்டன, தண்ணீர் கேட்கிறார். கதைசொல்லி தண்ணீர் கொடுத்துவிட்டு, அழைத்த பண்ணை வீட்டுக்கே விருந்துக்குப் போகிறார். ஒரே புத்தகம்தான். ஒன்பதாம் கடிதத்தைத் தொடாமல் மூன்றாவதை மட்டும் பாடமாக வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

கறுப்பினக் கவிஞர் பிலிஸ் வீட்லியை 'நன்றியுள்ள அடிமை' என்று ஒதுக்குவதும் தவறு. 1761-இல் சிறுமியாகக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். 1773-இல் லண்டனில் வந்த அவருடைய கவிதை நூலில், இவற்றை எழுதியது அவரே என்று ஆளுநர் உட்பட 18 பாஸ்டன் பிரமுகர்கள் கையொப்பமிட்ட சான்று இருக்கிறது. ஒரு கறுப்பினப் பெண் எழுதினார் என்று நம்பவைக்க அத்தனை கையொப்பம்! ஆப்பிரிக்காவிலிருந்து தன்னைக் கொண்டுவந்தது இறை இரக்கம் என்று தொடங்கும் அவர் கவிதையைக் கடைசி வரிவரை படியுங்கள். அங்கே கிறிஸ்தவர்களை நேராக அழைத்துக் கண்டிக்கிறார். அப்புறம், 1774-இல் மொஹீகன் பழங்குடிப் போதகர் சாம்சன் ஆக்கமுக்கு எழுதிய கடிதம். ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் விடுதலை வேட்கையை விதைத்திருக்கிறார் என்கிறார். விடுதலைக்குக் குரல் கொடுத்துக்கொண்டே அடிமைகளை வைத்திருப்பவர்களின் முரண்பாட்டையும் சுட்டுகிறார். அந்தக் கடிதம் அப்போதே செய்தித்தாள்களில் வந்தது. சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு.