கால் ஷேவ் செய்தபின் எரிச்சலும் கொப்புளமும் வராமலிருக்க

குளியலின் கடைசியில் ஷேவ் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடமாவது ஊறிய முடி மெத்தென்றாகிவிடும். பிளேடு இழுக்காமல் வெட்டும். குளியல் சோப்பு வேண்டாம், தோலை வறட்டிவிடும். வாசனை சேர்க்காத ஷேவிங் ஜெல் நல்லது. தேங்காய் எண்ணெய் தடவினால் வழுக்கும்தான், ஆனால் பிளேடுகளின் இடுக்கில் முடியோடு அப்பிக்கொள்ளும்.

எரிச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம் கை அழுத்தம். ரேசரின் எடையே போதும். முடி வளரும் திசையிலேயே, கணுக்கால் பக்கமாக இறக்குங்கள். தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் வழித்தால் மொழுமொழுவென்று இருக்கும். ஆனால் முடி தோலுக்குக் கீழே வெட்டுப்பட்டு, திரும்ப வளரும்போது உள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள். முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டால் வெட்டு விழாது.

5 முதல் 7 முறைக்கு மேல் ஒரே பிளேடு வேண்டாம். ஈரக் குளியலறையிலேயே ரேசரைப் போட்டு வைக்காதீர்கள், கிருமி சேரும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். டெட்டால், ஆஃப்டர் ஷேவ் எதுவும் வேண்டாம். சீழ் வைத்தால் ஷேவிங்கை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.