கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மலை சைக்கிள் எதற்கு?

சென்னையில் கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர்களில் பலருக்கும் ஒரே கணக்குதான். வார நாட்களில் அலுவலகம், ஞாயிறு விடிகாலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஒரு சுற்று. ஆனால் கடையிலிருந்து வெளியே வரும்போது கையில் இருப்பது தடித்த பட்டன் டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் வைத்த எம்டிபி, அதாவது மலை சைக்கிள். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், கொடுத்த காசுக்கு நிறையப் பொருள் கிடைத்த மாதிரியும் தெரியும். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான்.

விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஷாக், பெரும்பாலும் ஒரு கனமான ஸ்பிரிங் மட்டுமே. அதுவே 2 கிலோவுக்கு மேல் இருக்கும். ஏறி நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். பட்டன் டயர் மண்ணில் நன்றாகப் பிடிக்கும், தார் ரோட்டில் உர்ரென்று இழுக்கும். 5 கி.மீ. போய்வந்தால் இது உறைக்காது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 45 கி.மீ., திரும்பியும் வர வேண்டும். ஈ.சி.ஆரில் மேடு என்று சொல்லப் பாலங்கள்தான் உண்டு. அங்கே மலைக்குப் பதில் எதிர்காற்று. குண்டும் குழியுமான ரோட்டுக்கு ஷாக் வேண்டாமா என்றால், 35 முதல் 40 மி.மீ. அகலமுள்ள டயரில் அளவாகக் காற்று வைத்தாலே போதும். ஏற்கெனவே எம்டிபி வாங்கிவிட்டவர்கள் விற்கத் தேவையில்லை. ரிம்முக்குப் பொருந்துகிற வழவழப்பான டயர் மாற்றுங்கள், ஷாக்கில் லாக் இருந்தால் பூட்டிவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு நேர் எதிராகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வளைந்த ஹேண்டில், 25 மி.மீ. டயர், ரேஸுக்குக் குனிகிற ரோடு பைக். ஞாயிற்றுக்கிழமைக்கு அருமை. திங்கட்கிழமை? அந்த ரகத்தில் பலவற்றில் கேரியர் மாட்டத் துளை இருக்காது, மட்கார்டுக்கு இடம் இருக்காது. லேப்டாப் பையை முதுகில் சுமந்தால் மத்திய கைலாஷ் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிடும். ஐப்பசி மழையில் பின்சக்கரம் முதுகில் சேற்றுக்கோடு போட்டுவிடும். நீண்ட தூரம் என்றால் வேகமான சைக்கிள் வேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் போகும் பிரெவெ என்பது போட்டியில்லாத, ஆனால் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பயணம். 200 கி.மீ. பிரெவெயின் நேர வரம்பு 13 மணி 30 நிமிடம். டீ, டிபன் நேரத்தையும் சேர்த்து, சராசரி மணிக்கு 15 கி.மீ.க்குக் கீழே. எம்டிபிக்கும் ரோடு பைக்குக்கும் இடைப்பட்ட, நேர் ஹேண்டில் வைத்த நல்ல ஹைப்ரிட் அதைத் தாராளமாகத் தாங்கும். வாரத்தில் ஐந்து நாள் செய்யும் வேலைக்குத்தான் சைக்கிள் முதலில் பொருந்த வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது அளவு. கடையில் உங்கள் சைஸ் இல்லையென்றால், “சீட்டை ஏத்திக்கலாம் சார்” என்பார்கள். சீட்டை ஏற்றலாம், சரி. ஃபிரேமின் நீளத்தை என்ன செய்வது? கை எட்டாத சைக்கிளில் 20 கி.மீ. தாண்டியதும் கழுத்தும் தோளும் பேச ஆரம்பிக்கும். சைக்கிளின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் மேல் குழாய்க்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு மூன்று செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று தாழ்த்தி வைப்பது நம் ஊரில் பழக்கம். முழங்கால் வலிக்கு அதுதான் குறுக்குவழி. சிக்னலில் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நின்றால் போயிற்று.

மெத்தை மாதிரி இருக்கும் ஜெல் சீட்டும் அப்படித்தான். கடையில் சுகமாக இருக்கும்; மணிக்கணக்கில் உட்கார்ந்தால் எலும்பு அமுங்கி உள்ளே போய், நடுவில் அழுத்தி மரத்துப்போகும். கொஞ்சம் கெட்டியான, உங்கள் அகலத்துக்கு ஏற்ற சீட்டே மேல்.

கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 21 என்று எழுதியிருந்தாலும் பல கியர்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அளவுதான். சென்னையில் ஓட்டுவதற்குப் பின்சக்கரத்தில் 7, 8 கியர் இருந்தால் போதும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் ஆசை இருந்தால், பின்னால் 32, 34 பல் உள்ள பெரிய பல்சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மலிவான டிஸ்க்கைவிட ரிம்மை இருபுறமும் பிடிக்கும், ஒழுங்காக வைத்த வி-பிரேக் எவ்வளவோ தேவலை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: டியூபில் என்ன வால்வு? பல ரோடு பைக்குகளிலும் சில ஹைப்ரிட்களிலும் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பொருந்தாது. சின்னதாக ஒரு பித்தளை அடாப்டர் வாங்கி மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. தெருமுனை பஞ்சர் கடைக்காரர் ஒட்டுப் போட்டுத் தருவார், ஆனால் ரோடு பைக், ஹைப்ரிட் சக்கர அளவான 700 சி டியூப் அவரிடம் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரு டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு மூன்றும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். ஹெல்மெட், முன்பின் லைட், நல்ல பூட்டு எல்லாம் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். இதற்காக ஒரு மாடல் கீழே இறங்கினாலும் பரவாயில்லை. கடைக்குப் போகும்போது அலுவலகப் பையையும் எடுத்துப் போய், அதைச் சைக்கிளில் எங்கே வைப்பது என்று காட்டச் சொல்லுங்கள்.