தடத்தை விட்டு இறங்காதவர்களுக்கு ஒரு மலை ஸ்னோமொபைல் பயணத் திட்டம்

மலைக்கு ஸ்னோமொபைல் (முன்னால் ஸ்கீ எனும் சறுக்குப் பலகைகளும் அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட பனிவண்டி) ஓட்டப் போகிறோம் என்று சொன்னால் கிடைக்கிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை இடுப்பளவுப் புதுப்பனியில் ஏறி இறங்குகிறவர்களுக்கானவை. நீளமான பட்டை கொண்ட வண்டி எடு, செங்குத்தான சரிவு உள்ள ஊருக்குப் போ என்பார்கள். சமன் செய்த தடத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இதில் பாதி பொருந்தாது, சில ஆலோசனைகள் பயணத்தையே கெடுக்கும். அவருக்கு வேண்டியவை வேறு: சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் தடங்கள், நடுவழியில் பெட்ரோல், சூடான சாப்பாடு, வளைவில் ஆடாத வண்டி.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன். கடல் மட்டத்திலிருந்து 6,667 அடி உயரம். விடுதி வாசலிலேயே வண்டியைக் கிளப்பி, ஊர்த் தெரு வழியாகத் தடத்துக்குப் போய்விடலாம். டிரெய்லரில் ஏற்றி இறக்கும் வேலை இல்லை. தடங்கள் மாநில எல்லையைத் தாண்டி ஐடஹோவின் ஐலண்ட் பார்க் வரை தொடர்கின்றன. மொன்டானாவிலேயே உள்ள குக் சிட்டியும் பெயர் பெற்றதுதான். ஆனால் அங்கே ஈர்ப்பே தடத்துக்கு வெளியே உள்ள மலைச்சரிவுகள். தடத்தில் மட்டும் ஓட்டுகிறவர் நான்கு நாள் தங்க அது ஏற்ற ஊர் அல்ல. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது "பனி எவ்வளவு ஆழம்?" என்று கேட்பதற்கு முன் "சமன் செய்த தடம் எத்தனை மைல், எங்கெங்கே பெட்ரோல் கிடைக்கும்?" என்று கேளுங்கள்.

எப்போது போவது

டிசம்பரில் பனிப்படலம் மெல்லியதாக இருக்கலாம். பாறையும் மரக்கட்டையும் மேலே துருத்தி நிற்கும். மார்ச் பாதியில் காலையில் கண்ணாடி போன்ற பனிக்கட்டி, மதியம் சொதசொதப்பு. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை பாதுகாப்பான தேர்வு. அதிலும் பிப்ரவரிக்கு ஒரு நன்மை உண்டு: ஜனவரித் தொடக்கத்தில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 9 மணி நேரம்தான், பிப்ரவரி இறுதியில் அது 11 மணி நேரமாகிறது. சனி, ஞாயிறு கூட்டம் தடத்தை உழுதுவிடும் என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை ஓட்டுவது போலத் திட்டமிடுங்கள்.

அனுமதிகளை முன்கூட்டியே பாருங்கள். மொன்டானாவில் தடத்துக்கான பாஸ் வேண்டும். ஐடஹோவுக்கு அந்த மாநிலத்தின் ஸ்டிக்கர் வேறு. வாடகை வண்டியானால், அதில் ஒட்டியிருப்பது இரண்டு மாநிலத்துக்கும் செல்லுமா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் போவது தனிக் கணக்கு. டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, பனி மூடிய சாலைகளில் மட்டும், வழிகாட்டியுடன், பூங்கா ஏற்றுக்கொண்ட குறைந்த புகை, குறைந்த சத்தம் கொண்ட வண்டிகளில்தான் போக முடியும். வேக வரம்பு மணிக்கு 35 மைல். ஓட்டுகிறவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று வரை ஒரு வழிக்கு 30 மைல். சாலையை விட்டு இறங்குவதே அங்கே குற்றம் என்பதால், தடத்தில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வாய்க்காது. நிறுவன வழிகாட்டி இல்லாமல் சொந்தக் குழுவாகப் போக விரும்பினால் செப்டம்பரில் நடக்கும் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் போகும் குழுவில் அதிகபட்சம் 5 வண்டிகள்.

எந்த வண்டி

மலைக்குப் போகிறோம் என்பதற்காக மலை வண்டி எடுக்காதீர்கள். அதன் பட்டை 154 அங்குலமும் அதற்கு மேலும் இருக்கும், பட்டையின் ரப்பர்ப் பற்கள் இரண்டரை முதல் மூன்று அங்குலம், முன் ஸ்கீகளுக்கு நடுவே இடைவெளி 36 அங்குலத்தை ஒட்டி. ஆழ்பனியில் சாய்த்து ஓட்டுவதற்காகவே அப்படிக் குறுகலாகச் செய்திருக்கிறார்கள். அதையே கெட்டியான தடத்தின் வளைவில் ஓட்டினால் உள்பக்க ஸ்கீ தூக்கும், வண்டி வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினால் தோள் விட்டுப்போகும்.

தடத்துக்கான வண்டியில் பட்டை 129 முதல் 137 அங்குலம், பற்கள் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம், ஸ்கீ இடைவெளி 42 அங்குலத்துக்கு மேல். புதுப்பனி விழுந்த காலையில் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு வேண்டும் என்றால் 144 அல்லது 146 அங்குல இடைநிலை வண்டி நல்லது. இருவர் ஒரே வண்டியில் போவதானால் இரட்டை இருக்கையும் பின்சாய்வும் உள்ளதை எடுங்கள். ஒற்றை இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் உடலை அசைக்க முடியாது, வளைவு தவறும்.

சொந்த வண்டியைத் தாழ்நிலத்திலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு: டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத ஆற்றலை இழக்கிறது. 8,000 அடியைத் தாண்டினால் கால்வாசி போய்விடும். எரிபொருளைத் தெளித்து ஏற்றும் (ஃபியூயல் இன்ஜெக்சன்) எஞ்சின், பெட்ரோல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் கிளட்ச் தன்னை மாற்றிக்கொள்ளாது. முழு திராட்டிலில் (வேகத்தைக் கூட்டும் கட்டைவிரல் விசையை முழுதும் அழுத்தும்போது) எஞ்சின் சுழற்சி அதற்குரிய அளவைவிடச் சில நூறு குறைவாக நின்றால், முன் கிளட்சின் எடைத்துண்டுகள் அந்த உயரத்துக்குக் கனமானவை என்று பொருள். தயாரிப்பாளரின் உயர அட்டவணையைப் பார்த்து இலகுவானவற்றைப் போடுங்கள், ஊர் திரும்பியதும் பழையதை மாட்டுங்கள். கார்புரேட்டர் வண்டியானால் இன்னும் கவனம் தேவை. உயரத்துக்காகப் போட்ட சிறிய ஜெட்டோடு (பெட்ரோல் போகும் துளைத்துண்டு) தாழ்நிலத்தில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு எத்தனை மைல்

காரில் போகிற கணக்கு இங்கே செல்லாது. நிறுத்தங்களையும் சேர்த்தால் குழுவின் சராசரி மணிக்கு 20 மைலைத் தாண்டுவது அரிது. புதியவர்கள் உள்ள குழுவுக்கு 50 முதல் 60 மைல் நிறைவான நாள். பழகியவர்களுக்கு 80 முதல் 100. முதல் நாளில் அதில் பாதி போதும். உயரத்துக்கு உடல் பழகவில்லை, கட்டைவிரல் திராட்டிலுக்குப் பழகவில்லை, வண்டியின் குணமும் தெரியாது. அன்று தலைவலியோ குமட்டலோ வந்தால் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உயரம் குறைந்த ஊருக்கு இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெஸ்ட் யெல்லோஸ்டோனில் நான்கு நாள் இருந்தால் இப்படி அமைக்கலாம். முதல் நாள் ஹெப்கன் ஏரிப் பக்கம் ஹார்ஸ் பியூட் தடத்தில் ஒரு சிறு சுற்று. இரண்டாம் நாள் பூங்காவுக்குள் ஓல்ட் ஃபெய்த்ஃபுல். மூன்றாம் நாள் டூ டாப்: 30 மைலைச் சற்றுத் தாண்டும் இந்தச் சுற்று கண்டப் பிரிகோட்டைக் (ஆறுகள் கிழக்கு, மேற்கு என இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் மலைமுகட்டு வரி) கடந்து 8,000 அடிக்கு மேலே ஏறுகிறது, உறைபனி அப்பிய மரங்கள் வெள்ளை உருவங்களாக நிற்பதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். உச்சியில் காற்றும் மூடுபனியும் வந்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகி, தடம் எது என்றே தெரியாது. மேலே மேகம் கவிந்திருக்கும் நாளில் டூ டாப்பைத் தள்ளிப்போட்டுக் காட்டுக்குள் ஓடும் தடத்தைப் பிடியுங்கள். மரங்களுக்கு நடுவே கண்ணுக்கு ஆதாரம் கிடைக்கும். நான்காம் நாள் ஐலண்ட் பார்க், பிக் ஸ்பிரிங்ஸ். அங்கே ஊற்றுநீர் ஆண்டு முழுக்க 52 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே இருப்பதால் உறைவதில்லை. இன்னும் தெற்கே 114 அடி உயர மேல் மேசா அருவி வரை போகலாம். ஆனால் அது நீண்ட நாள், அதிகாலையில் கிளம்ப முடிகிற குழுவுக்கு மட்டும்.

பெட்ரோலைக் குறைத்தே கணக்கிடுங்கள். 11 கேலன் டேங்க், கேலனுக்கு 12 மைல் என்றால் தாளில் 132 மைல். புதுப்பனி, இரட்டைச் சவாரி, வழிதவறல் எல்லாம் சேர்ந்தால் இது சுருங்கும். எனவே அடுத்த பம்ப் 90 மைலுக்குள் இருக்க வேண்டும். குழுவில் மிகச் சிறிய டேங்க் யாருடையதோ அதுதான் எல்லோருக்கும் அளவு. மலை மாநிலப் பம்புகளில் மலிவான பெட்ரோலில் ஆக்டேன் எண் 85 என்று எழுதியிருக்கும். அதைப் போடாதீர்கள், 91 போடுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியானால் ஒரு டேங்குக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கும். உபரியாக ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும்.

காலையில் கிளப்பும்போது

இரவில் பட்டையும் ஸ்கீயும் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். அப்படியே திராட்டிலை அழுத்தினால், எஞ்சின் விசையைப் பட்டைக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட் ஒரே இடத்தில் தேய்ந்து கருகும். அன்றைக்கு நடுக்காட்டில் அறுந்துபோகிற பெல்ட் பெரும்பாலும் இப்படிக் காலையிலேயே கெட்டதுதான். முதலில் ஸ்கீகளைப் பக்கவாட்டில் அசைத்து விடுவியுங்கள். பின்பக்க பம்பரைப் பிடித்துத் தூக்கிப் போட்டுப் பட்டையை விடுவியுங்கள். எஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, முதல் மைலை மெதுவாகப் போங்கள்.

அடுத்தது சூடேறல். கடுங்குளிரில் எஞ்சின் சூடேறுமா என்று வியப்பாக இருக்கலாம். வண்டியின் குளிர்விப்பான், பட்டை வாரியடிக்கும் பனித்தூளை நம்பித்தான் வேலை செய்கிறது. தடம் பாறை போல இறுகியிருந்தால் தூள் எழாது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கொதிக்கும், பட்டை வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளமும் உருகித் தேயும். இதற்காகவே பனியைக் கீறிவிடும் கம்பிகள் வண்டியின் அடியில் உண்டு. இறுகிய தடத்தில் அவற்றை இறக்கிவிடுங்கள், பின்னோக்கி எடுக்கும் முன் கொக்கியில் மாட்டிவிடுங்கள். கம்பி இல்லாத வண்டியானால் தடத்தின் வலது ஓரத்தில் உதிரிப்பனி கிடக்கும் பகுதியில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். வாடகைக் கடையில் வண்டியை வாங்கும்போதே இந்தக் கம்பிகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஸ்கீயிலும் அதைத் தாங்கும் முன் தண்டுகளிலும் உள்ள பழைய அடிகளை அப்போதே படம் எடுத்துவைப்பதும் நல்லது.

தடத்தின் ஒழுங்கு

ஒற்றை வரிசை, எப்போதும் வலது ஓரம். வளைவில் உள்பக்கம் வெட்டித் திரும்பும் பழக்கம்தான் எதிரெதிர் மோதலுக்கு முதல் காரணம். தடத்தைச் சமன் செய்யும் க்ரூமர் இயந்திரம் தடத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வரக்கூடும், பெரும்பாலும் இருட்டில். மேட்டுக்கு அப்பால் அது நிற்கிறது என்று எண்ணியே ஏறுங்கள். அது சமன் செய்துபோன பனி இறுகச் சில மணி நேரம் ஆகும், குளிர் அதிகமானால் இன்னும் நன்றாக இறுகும். காலை ஒன்பது மணிக்குத் தடம் மெத்தென்று இருக்கும். மதியம் மூன்று மணிக்கு அலையலையாகக் குழிகள். நீண்ட தூரத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு மாலைக்குக் குறைந்த தூரத்தை வையுங்கள்.

வழி நன்றாகத் தெரிந்தவர் முன்னால், மிக மெதுவாக ஓட்டுகிறவர் அவருக்கு அடுத்து, கருவிப்பை வைத்திருக்கிற அனுபவசாலி கடைசியில். ஆறு வண்டிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சந்திப்பிலும், பின்னால் வருகிறவர் உங்கள் திருப்பத்தைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும் வரை நகரக் கூடாது. இந்த ஒரு விதியை எல்லோரும் பிடித்தால் ஆள் தொலைவதே நடக்காது. இடது கையை நேராக மேலே தூக்கினால் நிற்கப் போகிறேன் என்று பொருள். பக்கவாட்டில் நீட்டினால் இடது, முழங்கையை மடக்கி மேலே காட்டினால் வலது.

தடத்தில் பைசன் காட்டெருமையோ மூஸ் மானோ நின்றால் எஞ்சினை அணைத்துக் காத்திருங்கள். ஆழ்பனியில் கால் புதைவதால் அவையும் தடத்தைத்தான் நாடும். துரத்தினால் அவற்றின் உயிர்ச்சக்தி வீணாகும், மூஸ் திரும்பித் தாக்கவும் செய்யும்.

பக்கத்தில் தெரியும் வெள்ளைவெளி

தடத்தோரம் கோடு கூட விழாத பனிவெளி ஒன்று வரும். ஒருவர் ஆசைப்பட்டு இறங்குவார். தட வண்டியின் குட்டைப் பற்கள் அங்கே பிடிக்காது, பத்தடியில் புதைந்துவிடும். இறங்கி நின்றால் தொடை வரை உள்ளே போகும். அப்படிச் சிக்கினால் திராட்டிலை அழுத்தாதீர்கள், பட்டை தனக்குத் தானே குழி தோண்டும். எஞ்சினை அணைத்து, பட்டைக்கு முன்னும் ஸ்கீகளுக்கு முன்னும் பனியை வெட்டியெடுத்து, மிதித்துச் சரிவுப்பாதை போலாக்கி, ஒருவர் ஸ்கீயை இழுக்க மற்றவர் மெல்லத் திராட்டில் கொடுக்க வேண்டும். ஊசியிலை மரத்தடிக்குப் போகாதீர்கள். தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே உதிரிப்பனிக் குழி மறைந்திருக்கும், தலைகீழாக விழுந்தால் மூச்சு முட்டும்.

தடத்திலேயே இருந்தாலும் பனிச்சரிவை மறந்துவிட முடியாது. 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் பெரும்பாலும் சரிகிறது. அதன் அடிவாரத்தில் தடம் ஓடினால் சரிவு உங்கள் மேல் வந்து நிற்கும். இந்த வட்டாரத்துக்கு போஸ்மன் நகரிலுள்ள கல்லட்டின் தேசிய வனப் பனிச்சரிவு மையம் குளிர்காலத்தில் நாள்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. காலையில் அதைப் படியுங்கள். மரமற்ற பெருஞ்சரிவுக்குக் கீழே நிறுத்தாதீர்கள். ஒவ்வொருவராகக் கடந்து அப்பால் காத்திருங்கள்.

குளிரும் கருவிப்பையும்

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் மணிக்கு 30 மைல் காற்று பட்டால் உடலுக்கு அது மைனஸ் 32 போல. திறந்திருக்கும் தோல் அரை மணிக்குள் உறையலாம். உள்ளாடை முதல் சாக்ஸ் வரை பருத்தியே வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்து நின்றதும் நடுக்கும். மெரினோ கம்பளி உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத உடை. ஹெல்மெட்டுக்கு மின்சூடு கண்ணாடி இருந்தால் மூச்சாவி படியாது. தொங்கும் மஃப்ளர் கூடாது.

குழுவுக்கு உபரி பெல்ட் ஒன்றும் (வண்டி மாதிரி வேறானால் ஒவ்வொன்றுக்கும்), ஸ்பார்க் பிளக், இழுகயிறு, மடக்கு மண்வெட்டி, கைரம்பம், தலைவிளக்கு, தீமூட்டி, முதலுதவிப் பெட்டி. பெல்ட் மாற்றுவதை விடுதி வாசலிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்; விறைத்த விரலோடு முதன்முதலாகக் கற்க முடியாது. கைபேசிக் கோபுரம் பல இடங்களில் எட்டாது, குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துப் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றாவது குழுவில் வேண்டும். எந்தச் சுற்று, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை விடுதியில் எழுதிக் கொடுங்கள்.

திரும்பியதும் முதல் வேலை பெட்ரோல் நிரப்புவது. காலையில் பம்பில் வரிசை நிற்கும். பிறகு பட்டைக்குள்ளும் சஸ்பென்ஷனிலும் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, ஸ்கீகளையும் பட்டையையும் மரப்பலகை மேல் ஏற்றி நிறுத்துங்கள். கையுறையையும் பூட்ஸின் உள்ளுறையையும் கழற்றி உலரப்போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும், இல்லையென்றால் காலைக்குள் காயாது.