ஜூபா தட்டுவது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஆடிய ஆட்டம் ஜூபா. தொடை, உள்ளங்கை, தோள், மார்பு, பாதம், இவைதான் அதற்கு வாத்தியம். அந்தத் தாளத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொள்ள முடியும். பின்னாளில் இதற்கு ஹாம்போன் என்றொரு பெயரும் வந்தது. காணொளிகள் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

மேளம் ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். 1739 செப்டம்பரில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்து ஆள் சேர்த்தபடியே, ஸ்பானியர் வசம் இருந்த ஃபுளோரிடாவை நோக்கி நடந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1740இல் வந்த சட்டம், அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது என்றது. உடம்பில் தாளம் போடும் பழக்கம் அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தே கொண்டுவந்தது. மேளம் போன பிறகு அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் பொறுப்பு கைகளுக்கு வந்தது.

தேடுவதற்கு முன்: எந்த ஜூபா?

இணையத்தில் ஜூபா என்று தேடினால் முதலில் வருவது தென் சூடானின் தலைநகரம். வெள்ளை நைல் கரையில், பாரி மக்களின் நிலத்தில் இருக்கும் ஊர். 1920களில் பிரிட்டிஷ் நிர்வாகம் அதை நகரமாக வளர்த்தது. 2011 ஜூலை 9 அன்று நாடு விடுதலை பெற்றபோது தலைநகரமானது. அடுத்து ஜூபா ஆறு வரும். எத்தியோப்பிய மலைகளில் பிறக்கும் ஆறுகள் எல்லையருகே டோலோவில் கூடி ஜூபாவாகி, சோமாலியா வழியாக ஓடி, கிஸ்மாயோ பக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் கலக்கின்றன. ஜூபாலாந்து என்ற சோமாலிய மாநிலத்துக்குப் பெயர் கொடுத்தது இந்த ஆறுதான்.

அப்புறம் அரசர்கள். வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவை ஆண்ட முதலாம் ஜூபா, ரோமானிய உள்நாட்டுப் போரில் சீசரின் எதிரியான தளபதி பாம்பேயஸின் பக்கம் நின்றார். கி.மு. 46இல் தாப்சஸ் போரில் சீசரிடம் தோற்று உயிரை விட்டார். அவருடைய கைக்குழந்தையை ரோமுக்குக் கொண்டுபோய் வெற்றி ஊர்வலத்தில் காட்டினார்கள். அந்தக் குழந்தைதான் இரண்டாம் ஜூபா. ரோமிலேயே படித்து வளர்ந்து, கி.மு. 25இல் மவுரித்தேனியாவின் அரசராகி, கிளியோபாட்ராவின் மகள் செலீனியை மணந்து, இன்றைய அல்ஜீரியாவின் செர்செல் நகரத்திலிருந்து ஆண்டார். கிரேக்க மொழியில் நூல்கள் எழுதியவர். அட்லஸ் மலையில் கிடைத்த பால் வடியும் கள்ளி ஒன்றுக்குத் தன் வைத்தியர் யூஃபோர்பஸின் பெயரை வைத்தார். பிறகு தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பேரினம் முழுவதையும் யூஃபோர்பியா ஆக்கினார். நம் வேலியோரத் திருகுகள்ளியின் தாவரவியல் பெயர் யூஃபோர்பியா திருக்கள்ளி. முன்பாதி ஜூபாவின் வைத்தியர், பின்பாதி மலபார்க் கரையில் வழங்கிய உள்ளூர்ப் பெயர். எனக்கு மிகவும் பிடித்த அரசர் என்பதால் இவ்வளவு சொன்னேன்.

தென் சூடான் தலைநகரத்துக்கும் ஆட்டத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். நகரம் வளர்வதற்கு வெகுகாலம் முன்பே ஜூபா ஆட்டம் அமெரிக்காவில் இருந்தது. கப்பலேற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கு, மத்திய மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். ஜூபா ஆட்பெயராகவும் வழங்கியது. ஜமைக்காவில் திங்கட்கிழமை பிறந்த பெண் குழந்தைக்கு ஜூபா என்று பெயர் வைத்தார்கள். கானாவின் அகான் மக்களிடம் இன்றும் இருக்கும் அட்வோவா என்ற பெயரின் வடிவம் அது. சரி, தட்ட ஆரம்பிக்கலாம்.

படி 1: உட்காருங்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும். முன்பாதியில் மட்டும் உட்காருங்கள், முதுகு சாய வேண்டாம். சம்மணம் போட்டால் பாதத் தாளம் போய்விடும், அதனால் நாற்காலிதான் சரி. கடிகாரம், மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பையில் கைப்பேசி இருந்தால் எடுத்து வையுங்கள். வழுக்கும் துணியைவிடப் பருத்தியோ ஜீன்ஸோ நல்ல சத்தம் தரும்.

வலது குதிகால் தரையில் இருக்க, முன்பாதம் மட்டும் எழும்பி விழட்டும். கைப்பேசியில் சீராகத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலி இருந்தால் நிமிடத்துக்கு 60 என்று வைத்து அதோடு பாதத்தைச் சேருங்கள். கைக்கு இப்போது வேலை இல்லை. பாதம் தானாகப் போக ஆரம்பித்த பிறகு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: நான்கு தட்டு

இந்த வரிசையை நமக்கு எழுதிக் கொடுத்தவர் சாலமன் நார்த்தப். நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். 1841இல் கடத்தப்பட்டு லூசியானாவில் அடிமையாக விற்கப்பட்டார். மீண்டு வந்து 1853இல் தன் கதையை வெளியிட்டார். அவர் ஃபிடில் வாசிப்பவர், அதனால் எது எதற்குப் பின் வருகிறது என்று இசைக்காரருக்குரிய கவனத்தோடு குறித்திருக்கிறார். முதலில் முழங்கால், அப்புறம் கைதட்டு, அப்புறம் ஒரு கையால் வலது தோள், இன்னொரு கையால் இடது தோள். பாதம் முழுநேரமும் காலம் காட்டும்.

வாயால் "தகதிமி" சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

த: இரண்டு கையும் முழங்காலுக்குச் சற்று மேலே.
க: கைதட்டு.
தி: இடது கை வலது தோளில்.
மி: வலது கை இடது தோளில்.

முதலில் ஒவ்வொரு எழுத்துக்கும் பாதம் விழட்டும். கை வரிசையை மறக்காமல் ஓடும்போது, "த" வரும் இடத்தில் மட்டும் பாதத்தை வையுங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குக் கை வேகமெடுக்கும். தோளிலிருந்து முழங்காலுக்கு இறங்கும் தூரம்தான் மிக நீளம், அதற்குப் பயந்து கை அவசரப்படுகிறது. வேகத்தைக் குறையுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

படி 3: மூன்று தட்டு

இனி ஒரே கை. விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை லேசாகக் குழித்துக்கொள்ளுங்கள். "தகிட" என்று சொல்லுங்கள்.

த: வலது கை தொடையைத் தட்டியபடியே மேலே எழும்புகிறது.
கி: அதே கை மார்பில், காறை எலும்புக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில். நடு எலும்பில் அடிக்காதீர்கள்.
ட: இறங்கும் வழியில் மறுபடியும் தொடை. உள்ளங்கை படலாம், புறங்கையும் படலாம். உங்களுக்கு எது வசதியோ அது.

சத்தம் பலத்திலிருந்து வருவதில்லை, கை எவ்வளவு விரைவாகத் தோலை விட்டு விலகுகிறது என்பதிலிருந்து வருகிறது. தொடை சிவந்தால் நீங்கள் தேவைக்கு மேல் அடிக்கிறீர்கள். அழுத்தம் "த"வில் மட்டும் இருக்கட்டும். தொடைக்கும் மார்புக்கும் குரல் வேறு, அந்த வித்தியாசம் காதில் கேட்கிறதா என்று பாருங்கள். மேளம் பிடுங்கப்பட்டவர்கள் ஆழ்ந்த சத்தத்துக்கு மார்பையும் கூர்மையான சத்தத்துக்குத் தொடையையும் வைத்துக்கொண்டார்கள். வலது கை வசப்பட்ட பிறகு இடது கைக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள். அது இன்னும் மெதுவாகத்தான் கற்கும்.

படி 4: பதினாறு

இந்தப் படிக்காகத்தான் இத்தனை தயாரிப்பும். 1 முதல் 16 வரை சீராக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 என்ற எண்களில் மட்டும் தட்டுங்கள். எண்ணிக்கை சிக்கலாகத் தெரிந்தால் சொற்கட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் ஒரு தட்டு. 3, 3, 4, 2, 4, கூட்டினால் 16. கியூபாவின் கிளாவே தாளமும் இதே அமைப்புதான். 1955இல் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் போ டிட்லி கிதாரில் வாசித்துப் புகழ்பெற்றதும் இதுவே. ராக் அண்ட் ரோலுக்குள் ஜூபா நுழைந்த வாசல் அது.

முதலில் கைதட்டலாக மட்டும் செய்யுங்கள். பிறகு முதல் இரண்டு தகிடவுக்குப் படி 3இன் தொடை, மார்பு, தொடை. மூன்றாவதான தகதிமிக்குப் படி 2இன் வரிசை. "தக" வரும்போது இரண்டு தொடைத் தட்டு. கடைசித் தகதிமியில் ஒரே ஒரு கைதட்டு, மீதியை வெறுமையாக விடுங்கள். பாதம் 1, 5, 9, 13இல் விழ வேண்டும். 4இலும் 7இலும் கை முன்னே ஓடும், பாதம் தன் இடத்திலேயே நிற்கும். அந்த இழுபறிதான் ஜூபா. பாதம் கையோடு போய்விட்டால் நிறுத்தி, 1இலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

படி 5: குரல்

ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வது ஜூபாவின் வழக்கம். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1855இல் வெளியான தன் வரலாற்றில், தோட்டங்களில் கேட்ட அந்த வரிகளைப் பதிவு செய்திருக்கிறார். கோதுமை விளைவிப்பது நாங்கள், எங்களுக்குக் கிடைப்பது சோளம். ரொட்டி சுடுவது நாங்கள், எங்களுக்குக் கிடைப்பது அதன் ஓரம். விடுமுறைக் கூத்து என்று எசமானர்கள் நினைத்திருந்த இடத்தில் கணக்கு வழக்கு நடந்திருக்கிறது.

நீங்கள் குரல் சேர்க்கும்போது அந்த மக்களின் பேச்சு வழக்கை நகலெடுத்துப் பாட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் செய்தது அதைத்தான். அதே காலத்தில் அதே மேடைகளில் ஏறி, தன் கால்களால் அவர்களை மீறிக் காட்டியவர் வில்லியம் ஹென்றி லேன். மேடைப் பெயர் மாஸ்டர் ஜூபா. 1842இல் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியில் சார்லஸ் டிக்கன்ஸ் பார்த்து வியந்து எழுதிய ஆட்டக்காரர் இவர்தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 1848இல் லண்டனில் ஆடினார். காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டாப் நடனத்தின் வரலாற்றை இவரிடமிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பார்கள். இளம் வயதிலேயே, இங்கிலாந்து மண்ணில் இறந்துபோனார்.

சொந்த வரி வேண்டுமென்றால் உங்கள் மொழியில், உங்கள் வேலையைப் பற்றி, கேள்வியும் பதிலுமாக இரண்டு வரி கட்டுங்கள். பதில் வரி 16 எண்ணுக்குள் முடிய வேண்டும்.

படி 6: நான்கைந்து பேர் சேர்ந்தால்

வட்டமாக நில்லுங்கள். இருவர் நடுவில். வட்டம் இடஞ்சுழியாக மெல்ல நகர்ந்தபடியே தட்டும், நடுவில் இருப்பவர்கள் ஆடுவார்கள், களைத்தால் வேறு இருவர் உள்ளே வருவார்கள். நின்றுகொண்டு தட்டும்போது முழங்காலை லேசாக மடக்கினால்தான் கை தொடைக்கு எட்டும்.

ஹெய்தியில் ஜூபாவுக்கு மேளம் உண்டு. அங்கே மேளத்தைத் தரையில் படுக்க வைத்து அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலால் தோலை அழுத்திச் சுருதி மாற்றுவார்கள். இன்னொருவர் பின்பக்கத்து மரத்தில் குச்சியால் தட்டுவார்.

பதினாறு எண்ணும் தடுமாறாமல் ஓடத் தொடங்கிய பிறகு, ஃபுளோரன்ஸ் பிரைஸ் எழுதிய முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். அந்தப் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பே ஜூபா நடனம். 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி அதை வாசித்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை அமெரிக்காவின் பெரிய இசைக்குழு வாசித்தது அதுவே முதல்முறை. முதல்தடவை கேட்கும்போது பாதத்தை மட்டும் சேருங்கள், இரண்டாம் தடவை கையையும்.